என் பெயரில் ஒரு பச்சைக் குறி

நவம்பர் 10, திங்கள்

வெக்கை. ரயில் பிந்தியது. வெள்ளவத்தையில் தண்டவாளம் கடக்கும்போது செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி, ஒஃபிஸ் வரை காலை இழுத்து இழுத்து நடை. ஒரு கிழமை லீவுக்குப் பிறகு இதுதான் வரவேற்பு.

லீவு: அம்மாவின் நேர்த்திக்கு மடு மாதா கோயில். திரும்பி வந்த பஸ்ஸில் பக்கத்து சீற் அன்ரி கேட்டா, "பிள்ளை என்ன வேலை?" சர்க்கிட் போர்ட் டிசைன் என்றேன். "ஓ, வயர் வேலையோ?" இல்லை அன்ரி. கொம்பியூட்டரில் போர்ட் வரைகிற சொஃப்ட்வெயருக்குள் ஒரு லைப்ரரி. ஒவ்வொரு சாமானுக்கும் அதில் ஒரு படம் இருக்கும், அதன் கால்கள் போர்ட்டில் எந்தத் துளையில் இறங்கும் என்ற அளவும் இருக்கும். அது உண்மைச் சாமானோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவள் நான். சரியென்றால் என் இனிஷியலோடு பச்சைக் குறி. "அப்ப மற்ற ஆக்களில பிழை பிடிக்கிறது. வடிவான வேலை" என்றா. கொட்டாஞ்சேனையில் என் சொந்தக்காரர் யாருக்கும் இன்னும் இவ்வளவு விளங்கவில்லை.

மேசையில் யாரோ பிளெய்ன்டீ கோப்பை வைத்த வட்டம். என் கதிரை தாழ்த்தப்பட்டிருந்தது. சரி, யாரோ இருந்திருக்கிறார்கள், இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போதைய வேலை லிஃப்ட் ஒன்றை ஓட்டுகிற போர்ட், அதன் லைப்ரரியைத் திறந்தேன். லீவுக்கு முன் பாதிதான் பார்த்திருந்தேன். மிச்சம் எல்லாம் இன்னும் பார்க்காத மஞ்சளாக இருக்க வேண்டும். ஒரு மஞ்சளும் இல்லை. எல்லாம் பச்சை. எல்லாவற்றின் பக்கத்திலும் ஜெ.ம. என்று என் இனிஷியல். திகதி போன கிழமை.

போன கிழமை நான் மடுவில் மெழுகுதிரியும் கையுமாக நின்றேன். எந்தப் பச்சையும் போடவில்லை.

நான் பார்க்காததை ஒவ்வொன்றாகத் திறந்து, செல்லாது என்று சிவப்பாக்கினேன். மத்தியானம் வரை அதே வேலை. சாப்பாட்டுக்கு மாலு பாண், ஆறிப்போனது.

பி.கு. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும். பிரிண்டருக்கு மை. அம்மாவுக்குக் கண் மருந்து.

நவம்பர் 11, செவ்வாய்

பின்னேரம் இடியும் மழையும். கடல் பக்கத்து யன்னல் ஒழுகியது, வாளி வைத்தோம்.

சுரேன் அண்ணா காலையிலேயே வந்து நின்றார். (கம்பனி அவருடையது. யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனிசன், பொறுமை மட்டும் இல்லை. இனி சு.அ., கை நோகிறது.)

"தங்கச்சி, ஏன் எல்லாம் சிவப்பு?"

"நான் பார்க்காததுக்கு நான் பச்சை போடேல்ல அண்ணா."

"அதை நான் போட்டனான். வெள்ளிக்கிழமை ஃபைல் ஃபக்டரிக்குப் போகோணும். சிவப்பா இருந்தா சொஃப்ட்வெயர் விடாது."

"உங்கட பேர்ல போட்டிருக்கலாமே."

"கீறினது நான். கீறின ஆள் பச்சை போடேலாது எண்டு உமக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்த விதியே அதற்குத்தான் இருக்கிறது. வரைந்த கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, வேறு கண் வேண்டும். அவர் என் கதிரையில் இருந்து, என் பாஸ்வேர்டைப் போட்டு, தன் கண்ணாலேயே பார்த்து, என் பெயரில் விட்டிருக்கிறார். அதைக் கள்ளமில்லாமல் சொல்கிறார். "நீர் இருந்தா நீரும் போட்டிருப்பீர்தானே" என்று வேறு. பாஸ்வேர்டை ஸ்க்ரீனில் ஒட்டி வைத்தது என் மொக்குத்தனம். கிழித்தேன், மாற்றினேன்.

பிறகு வேலை. முதலில் ரிலே. லிஃப்ட்டின் பிரேக்கைப் பிடிக்கவும் விடவும் வைக்கிற சுவிட்ச் அதுதான், சின்ன நீலப் பெட்டி, ஐந்து கால். எங்கள் வழக்கம், லைப்ரரிப் படத்தை உண்மை அளவில் பேப்பரில் அடித்து, ஸ்பொஞ்ச் துண்டில் வைத்து, சாமானின் கால்களை அதற்குள் குத்திப் பார்ப்பது. பேப்பரில் சரியாக இறங்கினால் சரி. எங்கள் ஒஃபிஸில் இதை வேதம் போல நம்புவார்கள்.

குத்தினேன். ஐந்து காலும் அப்படியே இறங்கின. ஒரு மயிரிழை விலகல் இல்லை.

பச்சை போடக் கை போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், போனது. அதற்குள் டேட்டாஷீட்டை இன்னொரு முறை பார்த்தேன். கால் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில்: கீழிருந்து பார்த்தபடி.

கீழிருந்து. சு.அ. அதை மேலிருந்து பார்ப்பதாக நினைத்து வரைந்திருக்கிறார். அதாவது இடம் வலம் மாறிவிட்டது. ஆனால் இந்த ரிலே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மாறினாலும் ஐந்து காலும் அதே ஐந்து துளையில் இறங்கும். பேப்பருக்கு எப்படித் தெரியும்?

மாறுவது இரண்டு கால். கரண்ட் இல்லாதபோது தொட்டிருக்கிற கால், கரண்ட் வந்தால் தொடுகிற கால். ஒன்றின் இடத்தில் மற்றது.

ரிலேயைக் கவிழ்த்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். பீப். சந்தேகமே இல்லை.

சு.அ.விடம் போனேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, சாம்பிள் போர்ட் இங்க கையால எப்பவோ செய்து ஓடுது. ரிலே மாறியிருந்தா எப்பிடி ஓடும்? நவ்பலைக் கேளும்."

உண்மைதான். மாறியிருந்தால் சாம்பிள் தலைகீழாக வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை. அவர் கண்ணில், மடுவுக்குப் போய்வந்து எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஒரு பார்வை.

வீட்டில் என் கணவர் அன்ரன் சோறு போட்டுக்கொண்டு, "என்ன முகம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. வெக்கை திரும்பிவிட்டது.

லிஃப்ட்டில் (எங்கள் கட்டடத்து லிஃப்ட், எங்கள் போர்ட் இல்லாதது) ஐந்தாம் மாடி அன்ரியும் அவவின் மருமகளும். "லைட் போனா இது உள்ளுக்க நிக்குமோ மாமி?" "நிண்டா நல்லது பிள்ளை. நிக்காட்டித்தான் பிரச்சினை." இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் நவ்பலோடு றோல்ஸ் சாப்பிடப் போனேன். போர்ட்டுக்குள் ஓடும் புரோகிராம் எழுதுவது நவ்பல். மருதானைக்காரன், எப்போதும் இரண்டு போன், ஒரு போனிலும் சார்ஜ் இல்லை.

"நவ்பல், சாம்பிள் முதல் தரமே சரியா ஓடினதா?"

"எது, லிஃப்ட்டா? முதல்ல மாறி ஓடிச்சு. பிரேக் பிடிக்கச் சொன்னா விட்டிச்சு, விடச் சொன்னா பிடிச்சிச்சு."

"பிறகு?"

"நான் கோட்ல திருப்பிட்டேன். ஒரு லைன். ஈஸி."

றோல்ஸைத் தட்டில் வைத்தேன்.

"யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்குச் சொல்ற? ஓடிச்சுதானே. என்ன ஜெனி, ஏன் இப்டி பாக்குறீங்க?"

விளக்கினேன். பேப்பர் டிஷ்யூவில் படம் கீறி விளக்கினேன். போர்ட்டுக்கு உயிர் இருக்கும் வரை அவன் கோட் பிழையைத் திருப்பிக்கொண்டிருக்கும், எல்லாம் ஒழுங்கு. லைட் போய்க் கரண்ட் நின்றால் கோட் செத்தது. ரிலே அதன் பாட்டுக்கு விழும், பிழையான பக்கம். பிரேக்குக்குத் தனி பற்றரி இருக்கிறது, இடையில் நின்றவர்களை வெளியே எடுக்க. கரண்ட் கிடைத்தால் பிரேக் விடும், அதனால் அந்தப் பற்றரி அதைத் திறந்தே வைத்திருக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய ஒரே நேரத்தில் அது பிடிக்காது.

நவ்பல் டிஷ்யூவைத் தன் பக்கம் திருப்பினான். "யா அல்லாஹ்" என்றான், மெதுவாக. "நான் வயரிங் மாறியீக்குது எண்டு நெனச்சேன்."

கடைக்காரர் பிளெய்ன்டீயைக் கொண்டு வந்து டிஷ்யூவின் மேலேயே வைத்தார். "தவ மொனவத மஹத்தயா?" வேறொன்றும் வேண்டாம் என்றோம்.

அவனைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எங்களில் யாருக்கு ஓடுகிற ஒன்றை நிறுத்திவிட்டு ஏன் ஓடுகிறது என்று கேட்கிற பழக்கம்?

நவம்பர் 13, வியாழன்

காற்று. உப்பு. தலைமயிர் கயிறாகிவிட்டது.

சு.அ.வைச் சோதனை மேசைக்குக் கூப்பிட்டோம், நானும் நவ்பலும். பிரேக்குக்குப் பதிலாக, தனி பற்றரியில் ஒரு பல்ப். பல்ப் எரிந்தால் பிரேக் விட்டிருக்கிறது, அணைந்தால் பிடித்திருக்கிறது. நவ்பல் லிஃப்ட்டை நிறுத்தச் சொன்னான், பல்ப் அணைந்தது. ஓடச் சொன்னான், எரிந்தது. நிறுத்தச் சொன்னான், அணைந்தது.

"பாரும், வடிவா ஓடுது" என்றார் சு.அ.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

பல்ப் எரிந்தது.

தெருவில் பாண் வண்டியின் பாட்டு. சு.அ. குனிந்து பிளக்கைத் தானே குத்தினார், தானே பிடுங்கினார். பல்ப் மறுபடி எரிந்தது. இன்னொரு தரம் செய்தார்.

"சரி" என்றார் கடைசியில். "பிழைதான்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்டேன்.

"அடுத்த வேர்ஷன்ல திருத்துவம். இப்ப இது போகட்டும்."

"அண்ணா?"

"லிஃப்ட்டில வேற பாதுகாப்பும் இருக்கு தங்கச்சி. வேகம் கூடினா தானாப் பிடிக்கிற சாமான் இருக்கு. ஒரு போர்ட்டை நம்பி ஒருத்தரும் லிஃப்ட் செய்யிறேல்ல."

"அப்ப எங்கட போர்ட் என்ன, சோடனைக்கோ?"

அவர் முகம் சிவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நவ்பல், "ஜெனி, கொஞ்சம் மெதுவாக் கதைச்சிருக்கலாம்" என்றான். மெதுவாகத்தான் கதைத்தேன். சொல்தான் மெதுவாக இல்லை.

எனக்கு விளங்குகிறது, ஏன் பயப்படுகிறார் என்று. திருத்துவது அரை நாள் வேலை. ஆனால் கஸ்டமர் சாம்பிளைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். திருத்தினால் போய்ச் சொல்ல வேண்டும், நான் காட்டியது பிழை என்று. சு.அ.வுக்கு அதைவிடப் பல்லுப் பிடுங்குவது சுகம். இந்தக் கம்பனியைத் தனியாள் நின்று நடத்துகிறவர், மரியாதை போனால் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறார். இரக்கமாகத்தான் இருக்கிறது. இரக்கத்துக்காகப் பச்சை போட மாட்டேன்.

செருப்பு தைத்தாயிற்று. வார் இப்போது கறுப்பு, மற்றது மண்ணிறம்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். மழை வருவேன் வருவேன் என்று வரவில்லை.

காலையில் அறைக்குக் கூப்பிட்டார். கதிரை காட்டினார், இருக்கவில்லை.

"தங்கச்சி, கேளும். பின்னேரத்துக்குள்ள ஃபைல் போகோணும். பச்சை போடும். பொறுப்பு என்ர."

"பொறுப்பு உங்கட எண்டா பேரும் உங்கட போடுங்கோ."

"அது விடாதெண்டு தெரிஞ்சுதானே சொல்லுறீர்."

"தெரிஞ்சுதான் சொல்லுறன்."

"நான் கஸ்டமருக்கு முன்னால இருந்து, ரெண்டு பேர் செக் பண்ணினது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"ஆர் அந்த ரெண்டு பேர்?"

"நானும் நீரும்."

"நான் அப்ப மடுவில, அண்ணா."

மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார். பிறகு சொன்னார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, அதைத்தான் இப்போதும் நம்ப முடியவில்லை:

"சும்மா பயப்பிடாதையும். அந்த சாம்பிள் கொலன்னாவையில ஒரு ஃப்ளாட் லிஃப்ட்டில பூட்டி ரெண்டு கிழமையா ஓடுது. ஒரு முறைப்பாடும் இல்ல."

சாம்பிள் ஒன்றுதான், அது எங்கள் சோதனை மேசையில் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றை அவர்கள் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறார்கள். ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறிப் பையோடு மனிசிமார்.

"இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"உமக்கு விசரோ? நாளைக்கு என்னட்ட ஆர் வேலை தருவாங்கள்?"

"நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"அப்ப திங்கக்கிழமை வர வேண்டாம்."

சொல்லிவிட்டார். சொன்னபின் அவர் முகம் என்னைவிட அதிகம் பயந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு நேரே வெளியே. கொம்பியூட்டரைக்கூட அணைக்கவில்லை.

மரீன் டிரைவில் நின்று போன் எடுத்தேன். கஸ்டமரின் பராமரிப்பு எஞ்சினியர் ஜயந்தவுக்கு. சோதனை நாட்களில் இரண்டு மூன்று தரம் கதைத்திருக்கிறேன். என் சிங்களம் கோபம் வந்தால் நன்றாக வரும், இன்று ஆறு போல வந்தது. பாதியில், "பொட்டக் இன்ன நங்கி" என்றார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி. யாருக்கோ சத்தம் போடுவது கேட்டது. திரும்பி வந்து, லிஃப்ட்டை இப்போதே நிற்பாட்டச் சொல்லிவிட்டேன், நாளைக் காலை வாருங்கள், எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

நிற்பாட்டியாயிற்று. அந்த இடத்திலேயே கடல் சுவரில் இருந்து அழுதேன். கடலை விற்கிறவர், "மிஸ், சரியோ?" என்று கேட்டார். சரி என்றேன், கடலை வாங்கினேன்.

அன்ரனுக்குச் சொன்னேன். ஹாபரில் பாரம் தூக்குகிற இடத்தில் வேலை செய்கிறவர், பிரேக் என்றால் அவருக்கு விளக்கத் தேவையில்லை.

"வேலை போனா?"

"போகட்டும்."

"சரி, போகட்டும்" என்றார். "அந்தக் கடலையைத் தாரும்."

நவம்பர் 15, சனி

நல்ல வெயில்.

கொலன்னாவை. புதிய ஃப்ளாட், இன்னும் பெயின்ற் மணம். நவ்பல் எனக்கு முன்பே வந்து கேற்றில் நின்றான், தன் கோட் என்பதால் வருவேன் என்று அவனே சொன்னது. ஆட்கள் படியில் ஏறி இறங்கி முணுமுணுத்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு மனிசி பால்மா பெட்டியோடு இளைத்து இளைத்து நின்று எங்களைப் பார்த்து முறைத்தா. முறைக்கட்டும்.

மெஷின் அறை மொட்டை மாடியில். உள்ளே அடுப்பு போல வெக்கை. ஜயந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள், அதிகம் கதைக்காதவர். எல்லா மாடிக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று செக்யூரிட்டி கார்டை அனுப்பிப் பார்த்தார். லிஃப்ட் வெறுமை, நடு மாடியில். பிறகு எங்கள் போர்ட்டின் சுவிட்சை மட்டும் இறக்கினார்.

டக் என்று பிரேக் பிடிக்கிற சத்தம் வர வேண்டும்.

வரவில்லை.

கயிற்றுச் சக்கரம் அசைந்தது. மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல். எல்லாரும் லிஃப்ட் விழும் என்றுதான் நினைப்பார்கள். வெறும் லிஃப்ட் விழாது, மேலே போகும். மற்றப் பக்கத்தில் தொங்குகிற இரும்புப் பாரம் அதைவிடக் கனம். ஆட்களே இல்லாத பெட்டி எங்களை நோக்கி மேலே வந்துகொண்டிருந்தது, சக்கரம் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவன் ஒரு காலை உள்ளே, ஒரு காலை வெளியே வைத்திருந்தால்? நவ்பல் என் கையைப் பிடித்திருந்தான், நோகிற அளவுக்கு.

ஜயந்த பற்றரி வயரைப் பிடுங்கினார். டக். நின்றது.

"அனே அப்போ" என்றார். நெற்றியைத் துடைத்தார்.

ஏன் இரண்டு கிழமை யாருக்கும் தெரியவில்லை? ஜயந்த கார்டைக் கேட்டார். இங்கே லைட் போனால் ஜெனரேட்டர் உடனே ஏறிவிடும் மஹத்தயா, அந்த நேரம் லிஃப்ட் கொஞ்சம் துள்ளும், புது லிஃப்ட்தானே, அப்படித்தான் என்று நினைத்தேன் என்றார் கார்ட். அவரும் நினைத்திருக்கிறார். எல்லாரும் ஏதோ நினைத்திருக்கிறோம்.

அந்த நேரம் சு.அ. படியேறி வந்தார். ஜயந்த காலையிலேயே போன் பண்ணியிருக்கிறார். சேர்ட் முழுக்க வியர்வை. சக்கரத்தைப் பார்த்தார், கழன்று கிடந்த வயரைப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜயந்தவின் கையில், சாம்பிளுக்கென்று சு.அ. போன கிழமை கொடுத்த தாள். அதில் செக் பண்ணியவர் என்ற இடத்தில் ஜெ.ம.

"கவுத மேக செக் கெரே?" யார் இதைப் பார்த்தது என்று கேட்டார். யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார்.

நான் சு.அ.வைப் பார்க்கவில்லை. அது என் பெயர், ஆனால் அந்தக் குறி நான் போட்டது இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம்.

"மம தமயி தெம்மே" என்றார் சு.அ. நான்தான் போட்டது.

ஜயந்த தலையாட்டினார். எங்கள் போர்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார். சரியானதைக் கொண்டு வாருங்கள், இதே அறையில் சுவிட்சை இறக்கிக் காட்டுங்கள், பிறகு கதைப்போம் என்றார். அவ்வளவுதான். உலகம் இடியவில்லை. இதற்குத்தான் அந்த மனிசன் இரண்டு நாள் பயந்தது.

இறங்கும்போது சு.அ. என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. நவ்பல் எங்கள் இருவருக்கும் நடுவில், தாலி கட்டி வைத்த ஐயர் போல முழித்துக்கொண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். மீன்: பாரை, நல்ல பாரை. அம்மாவுக்குக் கண் மருந்து மறந்தே போனது, பேச்சு வாங்கினேன்.

அன்ரன்: "நாளைக்குப் போறீரோ?"

"போவன்."

"வர வேண்டாமெண்டுதானே சொன்னவர்."

"அவர் சொன்னவர். நான் சரியெண்டு சொல்லேல்லையே."

நவம்பர் 17, திங்கள்

தூறல். ரயில் இன்று நேரத்துக்கு, ஆச்சரியம்.

ஒஃபிஸ் கதவு திறந்திருந்தது. என் கதிரையில் சு.அ. தாழ்த்தி வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிளெய்ன்டீ. வெள்ளிக்கிழமை அணைக்காமல் போன என் கொம்பியூட்டரில், என் பெயரில்.

என்னைக் கண்டதும் எழும்பவில்லை. சிரித்தார். வெட்கச் சிரிப்பு, சமாதானச் சிரிப்பு. ஆறு மணிக்கே வந்தாராம்.

"வாரும் தங்கச்சி. ரிலேயை நானே திருப்பிக் கீறிப்போட்டன். உமக்குக் கரைச்சல் வேண்டாமெண்டு பச்சையும் போட்டாச்சு."

ஜெ.ம. பச்சை. இன்றைய திகதி.

சனிக்கிழமை அந்த அறையில் வியர்க்க வியர்க்க ஒத்துக்கொண்ட அதே மனிசன். உண்மையாகவே எனக்கு உதவி செய்கிறேன் என்று நினைக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

"எழும்புங்கோ அண்ணா."

"இப்ப சரியாத்தானே தங்கச்சி இருக்கு. நல்ல பேர்தானே உமக்கு."

"நல்லதோ கெட்டதோ, என்ர பேரை நான்தான் போடுவன். எழும்புங்கோ."

எழும்பினார். கதிரையை உயர்த்தினேன். இருந்தேன். பச்சையை எடுத்துச் சிவப்பாக்கினேன். அவர் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார், நான் டேட்டாஷீட்டை விரித்தேன், ரிலேயைக் கவிழ்த்து வைத்தேன், மீட்டரை எடுத்தேன். ஒவ்வொரு காலாக, அவசரமே இல்லாமல். நவ்பல் வந்து பையைக் கழற்றாமல் நின்று பார்த்தான்.

துளைகளை இடம் வலம் மாற்றியிருந்தார். சரி. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, சர்க்கிட் படத்திலும் அதே இரண்டு காலின் இலக்கத்தை மாற்றியிருந்தார். இரண்டு இடத்திலும் திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை இருந்த அதே ரிலே. அதே பிரேக்.

ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

"என்ன?" என்றார். "எங்க பிழை?"

"அது உங்கட வேலை, நீங்க கீறினது" என்றேன். "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."